நாலாவது வரி

அக்டோபர் 11, ஞாயிறு

சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைத்துத்தான் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். வீடு மாறியிருந்தால் கடிதம் திரும்பி வரும், வரட்டும்.

இங்கே வெயில். இலை உதிர்கிற மாதத்தில் இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை, போன வருஷத்தைத் தவிர. பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கம்பளியை மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இன்று சலவைக்கடை லீவு. ஆறு நாளும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளுக்கு ஏழாவது நாள் வெயில் வந்து முதுகில் இஸ்திரி போடுகிறது.

எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். அவசரம் என்ன இருக்கிறது? தலைக்குக் குளித்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கப் படியில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் தோட்டத்தில் வைத்த ஏழு குழாயும் அப்படியே இருக்கின்றன. இந்தக் கையகலத் தோட்டத்துக்கு எதற்கு ஏழு குழாய் என்று நீயே ஒரு தடவை கேட்டிருக்கிறாய். ஊரெல்லாம் குழாய் பழுதுபார்த்து மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்தது. "அடுத்தவன் வீட்ல தண்ணி வரலேன்னா என்னைக் கூப்பிடுவான். என் வீட்ல தண்ணி வரலேன்னா ஊரே சிரிக்கும்" என்பார். நான் இரண்டைத்தான் திறக்கிறேன். மற்ற ஐந்தையும் மாதத்துக்கு ஒரு தடவை திறந்து மூடுகிறேன், இறுகிப்போகாமல் இருக்க.

ரோஜாச் செடி ஏமாந்துவிட்டது. ஒரு பக்கம் இலை பழுத்து விழுகிறது, இன்னொரு பக்கம் மொட்டு வைத்திருக்கிறது. அதற்கு யார் போய்ச் சொல்வது?

பக்கத்து வீட்டு டிரைவர் பனியனோடு வேலியோரம் வந்து நின்றார். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், உனக்குத் தெரியும்.

"என்னம்மா, சூரியனுக்கு இந்த வருஷம் யாரும் காலண்டர் குடுக்கலையா?" என்றார்.

"நீங்க கொண்டுபோய்க் குடுங்களேன், சும்மாதானே இருக்கீங்க."

"மெதுவாச் சொல்லுங்க! சும்மா இருக்கேன்னு வீட்டுக்காரி காதுல விழுந்தா இன்னும் நாலு வேலை கூடும்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு யாராவது பார்த்தார்களா என்று தெருப்பக்கம் பார்த்தேன்.

மத்தியானம் திரையை இழுத்துவிட்டு வெறும் தரையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. போன வருஷம் இதே மாதம், இதே மாதிரி ஒரு ஞாயிறு. உன் அண்ணன் நாலாவது குழாயைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். "இந்த வாஷர மட்டும் மாத்திட்டு வர்றேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் குனிந்திருந்தார். குனிந்து வேலை பார்க்கிறார் என்று நினைத்து உள்ளே வந்து தட்டு வைத்தேன். அவர் விழுந்து கிடந்திருக்கிறார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வலது பக்கம் போய்விட்டது. வாய் கொஞ்சம் கோணினாலும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் உன்னைத்தான் கேட்டார்.

நீ ஏன் வரவில்லை?

திட்டுவதற்குக் கேட்கவில்லை. ஒரு வருஷம் மனசுக்குள் திட்டி முடித்தாயிற்று. காரணம் மட்டும் தெரிந்தால் போதும். போனில் கேட்கலாம் என்றால், தறிச் சத்தத்தில் உன் காது போனதிலிருந்து நான் கத்துவது தெருவுக்குக் கேட்கும், உனக்குக் கேட்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணி


அக்டோபர் 15

அண்ணிக்கு,

விலாசம் மாறவில்லை. கடிதம் கிடைத்தது.

இங்கேயும் வெயில்தான். தறிக்கூடத்தில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள், காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுந்துபோகும். நாங்கள் காய்ந்துபோனால் பரவாயில்லை.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பது நீங்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வரவேண்டாம் என்று எழுதியதே நீங்கள்தான். வேண்டாம் என்றீர்கள், வரவில்லை.

கல்யாணமாகி நீங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் வந்தால் உங்கள் முகம் சுருங்கும். எனக்கு அது தெரியாதது இல்லை. நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஆனால் என் கூடப்பிறந்தவர் படுக்கையில் கிடக்கும்போது அதை எழுத்தில் போட்டு அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு, அண்ணி. அண்ணன் போய்விட்டார் என்று டிரைவர் எழுதியது, எல்லாம் முடிந்து மூன்றாவது நாள் கைக்கு வந்தது. அதற்கு மேல் வந்து யாரைப் பார்ப்பது?

ரோஜா மொட்டைக் கிள்ளிவிடுங்கள். குளிர் வந்தால் கருகும், செடிக்கும் கேடு.

இப்படிக்கு,
சின்னவள்


அக்டோபர் 18, ஞாயிறு

சின்னவளுக்கு,

மொட்டைக் கிள்ளவில்லை. பூக்கிறது பூக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனாலும் படித்தால் புரியும். நான் அப்படி எழுதவில்லை. பொய் சொல்வதற்கு ஒரு வருஷம் யோசித்தாயா என்றுதான் முதலில் தோன்றியது. எழுதிவிட்டேன், இனிக் கோடு போட்டு அடிக்கமாட்டேன். அடித்தாலும் உனக்குத் தெரியும்.

அந்த நாளைச் சொல்கிறேன். அவரைச் சேர்த்த இரண்டாம் நாள். உங்கள் ஆலை ஆபீசுக்கு டிரைவர் இரண்டு தடவை போன் போட்டார். எடுத்தவன் "எந்த ஷிப்டு?" என்று கேட்டான். தெரியாது என்றதும் வைத்துவிட்டான். அதனால் நர்சிடம் ஒரு தாள் வாங்கி, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதினேன். மொத்தம் ஆறு வரி. அதை எழுத எனக்கு அரை மணி ஆனது. நீ வரவேண்டும் என்றுதான் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று கையை விட்டும் பார்த்தேன்.

உள்ளே போய் அவரிடம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். மூன்று நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் கேட்டார்: "எழுதினியா?"

"எழுதினேங்க."

"நிஜமா எழுதினியா, இல்ல எழுதினேன்னு சொல்றியா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?"

"உனக்கும் அவளுக்கும்தான் ஆகாதே" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் இருந்தார். தண்ணீர் கேட்டார், தலையணையை உயர்த்தச் சொன்னார். உன்னைக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டார். பத்தொன்பது வருஷம் கூட இருந்தவர், நான் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொண்டு போனார்.

நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து வாசலில் நின்றிருந்தால் போதும். அதனால்தான் நீ ஏன் வரவில்லை என்று கேட்டேன். உனக்காக இல்லை, எனக்காக.

இன்றும் வெயில் அப்படியே. துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. ஐந்து குழாயையும் திறந்து மூடினேன். நாலாவது இன்னும் சொட்டுகிறது.

அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் இல்லை என்று எழுது.

அண்ணி


அக்டோபர் 22

அண்ணிக்கு,

இத்துடன் வைத்திருக்கிறேன். நாலாவது வரியைப் பாருங்கள்.

பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த கடைசிக் கடிதம் அது.

அண்ணன் உங்களை அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது.

சின்னவள்


அக்டோபர் 25, ஞாயிறு

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்றே வந்தது. நேற்றுப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் பிரிக்கலாம் என்று அலமாரியில் வைத்தேன்.

இன்று காலை எழுந்து வீட்டைப் பெருக்கினேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். உதிர்ந்த இலையை எல்லாம் கூட்டிக் குவித்தேன். காய்ந்த இலைகூட வெயிலில் சுடுகிறது. ரோஜா பூத்துவிட்டது, சின்னப் பூதான். செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். விட்ட செடிக்கே மறுபடி விட்டேன். இனிச் செய்ய வேலை இல்லை என்று ஆன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

என் எழுத்துத்தான். நாலாவது வரியைப் படித்தேன். வரவேண்டும் என்றுதான் இருந்தது. மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது. உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"இந்த ஒரு வரிய மட்டும் சத்தமாப் படிங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "'நீ கட்டாயம் வரவேண்டாம்.' யாரும்மா இப்படி எழுதினது?"

"நல்லாப் பாருங்க. வரவேண்டும்னு இருக்கும்."

"இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸு போர்டு பாத்த கண்ணும்மா இது. டா போட்டிருக்கு. இதோ பாருங்க, கால்."

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். டு இருக்க வேண்டிய இடத்தில் டா இருந்தது. நான் எழுத நினைத்ததையே நான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். வாய் ஓயாத மனுஷன்.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். கடையில் என் வேலை இஸ்திரி மட்டும் இல்லை. துணி மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக் குத்துவதும் நான்தான். கஞ்சி வேண்டாம். இஸ்திரி வேண்டாம். மடிப்பு வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது சீட்டு. வேண்டும் என்று யாரும் சீட்டு எழுதுவதில்லை. வேண்டுமென்றால் அது பாட்டுக்கு நடந்துவிடும். வேண்டாம் என்பதைத்தான் எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒழுங்காக எழுதிப் பழகிய ஒரே வார்த்தை அதுதான். வேண் என்று ஆரம்பித்தால் என் கை தானாக டாவுக்குப் போய்விடும்.

இப்படிச் சொன்னால் நீ நம்பலாம். கை எழுதியது, மனசு எழுதவில்லை என்று. நானும் அதையே சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நீ வந்ததும் என்ன சொல்வாய் என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இந்த வெயில்ல எங்க அண்ணன ஏன் வேலை பாக்க விட்டீங்க?" என்று கேட்பாய். நர்சுகள் முன்னால் கேட்பாய். காது கேட்காததால் உரக்க வேறு கேட்பாய். அதை நினைத்தேன். நீ வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேனா என்றால், அது ஞாபகம் இல்லை. இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

உன் அண்ணன் கேட்டது சரியாகிவிட்டது. நான் எழுதினேன், எழுதவும் இல்லை. உன்னைப் பொய்க்காரி என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணமான புதிதில் உனக்கு நான் எழுதிய முதல் கடிதத்தில் சிவப்புப் பேனாவால் பதினோரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாய். உன் அண்ணன் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். என் தப்பை எல்லாம் தேடித் தேடி வட்டம் போட்டவள் நீ. இதற்கு மட்டும் ஏன் போடவில்லை?

கடிதத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். உன்னுடையது, உன்னிடமே இருக்கட்டும்.

அண்ணி


நவம்பர் 3

அண்ணிக்கு,

ஐந்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று படித்த உடனே எனக்குத் தெரிந்தது. கட்டாயம் வரவேண்டாம் என்று யாரும் எழுதமாட்டார்கள். அதற்கு மேலே மூன்றாவது வரியில் 'உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது வரியையும் நான் படித்தேன், அண்ணி. உங்கள் கை எங்கெங்கே தடுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஒரு எழுத்தை விரலால் மூடிப் பார்த்தேன். மூடினால் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். விரலை எடுத்துவிட்டேன்.

எனக்குப் பயம். அம்மா கிடந்தபோது எனக்குப் பதினாலு வயது. நாலு மாதம் பக்கத்தில் இருந்தவள் நான். வாசலில் நின்று டாக்டரிடம் பேசியது அண்ணன். இன்னொரு கட்டில் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. அண்ணன் என்றால் எனக்கு ஏணி மேல் நின்று "ஸ்பேனர எடுடி" என்கிற ஆள். வாய் கோணிய அண்ணனை நான் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. அதை நீங்களே எழுதி அனுப்பியிருந்தீர்கள்.

அதோடு நிறுத்தவில்லை. பக்கத்துத் தறிக்காரியிடம் கடிதத்தைக் காட்டி, "எங்க அண்ணி என்ன எழுதியிருக்காங்க பாரு" என்றேன். மூன்றாவது வரியை மடித்துவிட்டுத்தான் காட்டினேன். "அடிப்பாவி! இப்படியும் ஒரு பொம்பளையா?" என்றாள். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவள் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.

வேண்டாம் என்று எழுதினாலும், வருகிறவள் வந்திருப்பாள். உங்களைப் பற்றி அண்ணன் அப்படி நினைத்துக்கொண்டு போனதற்கு உங்கள் எழுத்து பாதி, நான் பாதி. என் பாதி தெரிந்து செய்தது.

இதற்கு மேல் நீங்கள் எனக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

சின்னவள்


நவம்பர் 8, ஞாயிறு

சின்னவளுக்கு,

படித்தேன். கோபம் வரும் என்று காலையிலிருந்து படியில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில்தான் வந்தது.

பாதி பாதி என்று பிரித்து என்ன செய்வது? கேட்டு ஆறுதல் அடைய வேண்டியவர் போய்விட்டார். இனி அவரிடம் யார் போய், இவள் எழுதத்தான் எழுதினாள், அவளுக்குப் பயமாக இருந்தது என்று சொல்வது? இந்த உலகத்தில் இது தெரிந்த ஆள் நாம் இரண்டு பேர்தான். டிரைவருக்குப் பாதி தெரியும், அதற்கே அவர் இரண்டு வாரமாக என்னிடம் ஜோக் அடிக்கவில்லை. பாவம், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவர் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

எனக்கு உன்மேல் பிரியம் வந்துவிட்டது என்று எழுதமாட்டேன். வரவில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் பேசினால், ஆமாம் அப்படித்தான், இல்லை அப்படி இல்லை என்று சொல்ல வேறு யாரும் இல்லை. ஏணி மேல் நின்ற அவரை நீ பார்த்திருக்கிறாய். படுக்கையில் இருந்தவரை நான் பார்த்தேன். நீ பார்க்காததைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டேன்.

வெயிலில் ஏன் விட்டீங்க என்று கேட்க நினைத்திருந்தால் அதையும் நேரில் கேள். பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கூப்பிட்டேன், வருகிறேன் என்றார், நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். உரக்கவே கேள், வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வீட்டில் இருப்பேன். சனிக்கிழமை உனக்கு அரை நாள்தானே, மத்தியான வண்டியைப் பிடி. முன் அறையில் கட்டில் காலியாக இருக்கிறது. விரிப்பு மாற்றிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை டிரைவரிடம் காட்டிச் சரிபார்க்கவில்லை. என் கை எந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. என்ன போட்டிருந்தாலும் நீ வா.

அண்ணி